கதிரைக்கும் அளவு எடுக்க வேண்டும்

(எமது கல்லூரியின் நூற்றாண்டு நிறைவை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்காகச் சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "நீரிழிவைப் பற்றியோ பிறஷரைப் பற்றியோ பேசப் போறீங்கள்?" என்று கேட்டார். "மரவேலையைப் பற்றி" என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "டொக்டர், பகிடி விடாதேங்கோ" என்றார். பகிடி இல்லை என்பதற்குச் சாட்சியாக ஒரு சிறிய கதிரையைக் கொண்டுவந்து இந்த மேடையில் வைத்திருக்கிறேன். அது அழகான கதிரை அல்ல. அதன் நடுவில் உடைந்த உலக்கைத் துண்டொன்று நிற்பதை முன்வரிசையில் இருப்பவர்கள் காண்பீர்கள். அந்தத் துண்டு அங்கே வந்த கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. என் வயதுக்காரர் எல்லோரும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சிறிதளவு எண்ணெய் விட்டு, அந்த மினுக்கட்டான் வெளிச்சத்தில்தான் படித்தோம். போத்தல் தட்டுப்பட்டால் கவிழும். கவிந்தால் கொப்பியும் எரியும், கையும் எரியும்.

அப்பா தச்சர் அல்ல, பாடசாலை ஆசிரியர். ஆனால் அவரிடம் ஒரு சின்னத் தகரப்பெட்டி நிறைய ஆயுதங்கள் இருந்தன. ஒரு வாள், இரண்டு உளி, ஒரு சீவுளி, ஒரு மூலைமட்டம். ஒரு நாள் பழைய வேப்பம் பலகையொன்றை எடுத்து, போத்தல் இறங்கி நிற்கக்கூடிய குழியோடு, புத்தகம் சரிவாகச் சாய்ந்து நிற்கும் ஒரு தாங்கி செய்தார். பலகையின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். "வாளை அழுத்தாதை பிள்ளை, அது தன்ரபாட்டில வெட்டும்" என்பார்.

அடுத்த வீட்டு ஆச்சி அதைக் கண்டார். பேரனை அனுப்பினார். அவன் தென்னோலை ஈர்க்கை முறித்து, குழியின் அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று என்று அளந்துகொண்டு போனான். ஒரு மாதத்துக்குள் எங்கள் ஒழுங்கையில் ஆறேழு வீடுகளில் அந்தத் தாங்கி வந்துவிட்டது. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. ஒருவர் பென்சில் வைக்க ஒரு தவாளிப்பு வெட்டினார். இன்னொருவர் காற்றுக்குத் தகரத்தால் ஒரு மறைப்பு வைத்தார். அதைப் பார்த்து அப்பாவும் எங்கள் தாங்கிக்கு மறைப்பு வைத்தார். தான் கொடுத்தது ஒழுங்கையைச் சுற்றிக் கூடுதல் அறிவோடு திரும்பி வந்ததைச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவார்.

கவிழும் விளக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பது வைத்தியம் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. போத்தல் விளக்கால் எரிந்து வந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து செய்து மனம் நொந்த விஜய கொடகும்புர என்ற எங்கள் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர், குள்ளமான, கனமான, பக்கங்கள் தட்டையான, திருகுமூடி கொண்ட கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்தார். அது கவிழ்வது கடினம். கவிழ்ந்தாலும் உருளாது. எண்ணெயும் கொட்டாது. அந்த விளக்குக்காக 1998 இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு வைத்தியர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே, ஒரு போத்தலின் உருவத்தை மாற்றியும் எரிகாயத்தைத் தடுக்கலாம் என்பதை அவரிடமிருந்து கற்றேன்.

அப்பா காலமான பிறகு அந்தத் தகரப்பெட்டி என்னிடம் வந்தது. துருப்பிடித்த உளிகளைத் தீட்டத் தொடங்கினேன். கிளினிக் முடிந்து வந்து ஒரு மணித்தியாலம் பலகை சீவினால் அன்றைய களை போகும். முதலில் ஒரு புத்தகத்தட்டு செய்தேன். ஆவணி மாதம் செய்த அதன் லாச்சி வழுக்கிக்கொண்டு போய் வந்தது. கார்த்திகை மழையோடு இறுகி, இழுக்க இழுக்க வரவில்லை. எங்கள் பகுதியில் வருடத்தின் பெரும்பகுதி காய்ந்த காற்று. மாரியில் மரம் ஈரத்தைக் குடித்துக் குறுக்கே வீங்கும். லாச்சிக்கு இடைவெளி விட வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. எங்கள் ஊர் ஓடாவியாரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "ஒரு மாரி பாத்திட்டுத்தான் லாச்சிக்கு இறுதிச் சீவல் போட வேணும்" என்றார்.

இப்படிப் பிழைவிட்டுத் தனித்தனியே தடுமாறுகிறவர்கள் என்னைப்போல் வேறும் இருப்பார்களே என்று நினைத்தேன். இருந்தார்கள். எங்கள் கல்லூரியில் எனக்கு ஐந்து வருடம் முந்திப் படித்த ஓர் அக்கா, வங்கியில் வேலை. பலாப் பலகையில் புத்தகத் தாங்கிகள் செய்துகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேரப்பிள்ளைகளுக்குத் தள்ளுவண்டி செய்வார். ஓர் இயன்மருத்துவர், இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர், போரில் ஒரு காலை இழந்த தம்பி ஒருவர். ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பேராகக் கூடினோம். இப்போது மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் வரை வருகிறார்கள். சரிபாதி பெண்கள். எங்களுக்குப் பெயரும் இல்லை, பதவிகளும் இல்லை. தேநீர் மட்டும் உண்டு.

வருகிறவர் தான் வீட்டில் செய்த ஒன்றைக் கொண்டுவர வேண்டும். துருவலையாக இருக்கலாம், மணையாக இருக்கலாம், கோழிக்கூட்டின் கதவாகவும் இருக்கலாம். பாயில் வைத்துவிட்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன மரம், எங்கே கிடைத்தது? எப்படி அளந்தாய்? எங்கே பிழைத்தது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். பிழை சொல்லாதவருக்கு இரண்டாவது தேநீர் இல்லை என்பது பகிடிக்கு வைத்த விதி. ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிறோம்.

அந்தக் கேள்விகளால் எவ்வளவோ படித்தோம். பனை வெளியே வைரம், உள்ளே சோறு. முற்றிய மரத்தின் கறுத்த வைரம் வளைக்கும் தீராந்திக்கும் தலைமுறைகளுக்கு நிற்கும், ஆனால் அதன் சிலாம்பு கையில் ஏறினால் எடுப்பது பெரும் பாடு. வேம்பைப் பூச்சி இலகுவில் அண்டாது. பலா உளிக்கு இணங்கும், வருடம் போகப்போகப் பொன்னிறம் கறுத்து அழகு கூடும். முதிரை ஆயுதத்தின் கூரை வாங்கிவிடும். மரக்காலையில் புதுப்பலகை வாங்க வசதியில்லாதவர்கள் பழைய யன்னல் நிலைகளையும் உடைந்த கட்டில் சட்டங்களையும் கொண்டுவந்தார்கள். ஐம்பது வருடம் காய்ந்த மரத்தைவிட நல்ல மரம் எந்த மரக்காலையில் கிடைக்கும்?

இனிக் கதிரைக்கு வருகிறேன்.

கிளினிக்குக்கு ஒரு தாய் ஐந்து வயது மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார். பிள்ளைக்கு மூளை முடக்குவாதம். தானாக இருக்க முடியாது. உடம்பு வில்லாகப் பின்னுக்கு வளையும். அதனால் படுக்கவைத்துத்தான் சோறு ஊட்டுவார். படுத்தபடி ஊட்டும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். இருமல், சளி, நியுமோனியா. ஒரே வருடத்தில் மூன்று தடவை வார்ட்டில் அனுமதித்தோம். அந்தப் பிள்ளைக்கு மருந்தைவிட முதலில் தேவைப்பட்டது நிமிர்ந்து இருக்க ஒரு கதிரை.

டேவிட் வேர்னர் என்பவர் எழுதி 1987 இல் வெளிவந்த ஒரு நூல் உண்டு. மெக்சிக்கோவின் மலைக்கிராமமான அகோயாவில், அங்கவீனமுற்ற இளைஞர்களே தங்களைப் போன்றவர்களுக்காக நடத்திய நிலையத்தின் அனுபவத்தில் பிறந்தது. கிராமங்களில் வாழும் அங்கவீனமுற்ற பிள்ளைகளுக்கு மரத்தாலும் கடதாசி மட்டையாலும் பழைய சைக்கிள் ரியூப்பாலும் என்னென்ன செய்யலாம் என்று நூற்றுக்கணக்கான கோட்டுப்படங்களோடு சொல்வது. இலாபம் வைக்காமல் கொடுப்பதானால் யாரும் படியெடுக்கலாம் என்று நூலிலேயே அனுமதி உண்டு. அதில் மூலைக் கதிரை ஒன்று இருக்கிறது. இரண்டு பலகைகளை மூலைமட்டத்துக்குச் சேர்த்து முதுகாக வைத்தால், பிள்ளையின் இரு தோள்களும் முன்னுக்கு வரும். கைகளும் முன்னுக்கு வரும். வில்லாக வளைவது குறையும்.

இயன்மருத்துவரோடு சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு கதிரை செய்தேன். நன்றாகப் பொருந்தியது. முதன்முறையாகத் தன் முன்னால் இருந்த மேசைப் பலகையில் இருந்த சோற்றை அவன் தானே கையால் அளைந்தான். தாய் அழுதார். நானும்தான்.

அந்தச் சந்தோசத்தில் ஒரு பிழை விட்டேன். கதிரையின் படத்தை அளவுகளோடு ஒரு தாளில் வரைந்து, எங்கள் குழுவில் எல்லோருக்கும் கொடுத்தேன். ஆசன ஆழம் இத்தனை அங்குலம், உயரம் இத்தனை அங்குலம் என்று எழுதினேன். "நல்ல காரியம் டொக்டர்" என்று நான்கு பேர் நான்கு கதிரைகள் செய்து தந்தார்கள். அவற்றை வேறு நான்கு வீடுகளுக்குக் கொடுத்தோம்.

அதில் ஒரு வீடு வடமராட்சியில். நான்கு வயதுப் பெண்பிள்ளை. தாய் கிளினிக்குக்கு வரும்போதெல்லாம், "கதிரை எப்படி அம்மா?" என்று கேட்பேன். "நல்லம் டொக்டர்" என்பார். மூன்று மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் முழங்காலுக்குப் பின்புறம் தோல் கண்டியிருந்ததைக் கண்டேன். அந்த வாரமே வீட்டுக்குப் போனேன். கதிரை சமையலறையில் இருந்தது. அதன்மேல் தண்ணீர்க் குடம்.

"குறை நினைக்காதேங்கோ டொக்டர். கதிரை நல்ல கதிரை. பிள்ளைக்குத்தான் பெரிசு. நீங்கள் பாடுபட்டுச் செய்து தந்தது, எப்பிடி வாயால சொல்லுறது எண்டு விட்டிட்டன்" என்றார்.

ஆசனம் அவளுக்கு இரண்டரை அங்குலம் ஆழம் கூடியிருந்தது. முதுகு சாய வேண்டுமென்றால் விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தை வெட்டும். வெட்டாமல் இருக்க முன்னுக்கு வழுக்குவாள். வழுக்கினால் மறுபடி படுத்தபடிதான் சாப்பாடு. நான் கொடுத்த உதவி அந்தப் பிள்ளையைக் காயப்படுத்தியது. என்மேல் இருந்த மரியாதை அந்தத் தாயின் வாயைக் கட்டியது. இரண்டுக்கும் நானே பொறுப்பு.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. குடத்தை இறக்கிவிட்டு எனக்குக் காட்டினார். பழைய சேலையை மடித்து முதுகுக்கு ஒரு திண்டு. பிள்ளை வழுக்காமலும் இரு கால்களும் கத்தரிபோல் பின்னாமலும் இருக்க, உடைந்த உலக்கையில் ஒரு சாண் துண்டு வெட்டி, துணி சுற்றி, ஆசனத்தின் நடுவில் கால்களுக்கிடையே ஆணி அடித்து நிறுத்திப் பார்த்திருந்தார். ஆணி பிடிக்காமல் கழன்றதால்தான் கைவிட்டார். அதே வேலைக்கு நான் வைத்தது ஓர் இடுப்புப் பட்டி. உலக்கைத் துண்டு பட்டியைவிட நல்லது. பட்டி கட்டிப்போடுகிறது. உலக்கை தாங்கிப் பிடிக்கிறது. அந்தத் தாய் எட்டாம் வகுப்போடு நின்றவர்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு எங்கள் தையல் ரீச்சரின் நினைவுதான். எங்கள் காலத்தில் ஆண்கள் பாடசாலைகளில் மரவேலை இருந்தது. எங்களுக்குத் தையலும் மனைப்பொருளியலும். உடைந்த வாங்கு திருத்த ஓடாவியார் வந்தால், அவர் சீவும்போது விழும் சுருள்களைப் பொறுக்கிக் கொப்பிக்குள் வைப்போம். சீவுளியைத் தொட்டதில்லை. ஆனால் தையல் ரீச்சர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். உடம்பை அளக்காமல் துணியில் கத்தரிக்கோல் வைக்கக்கூடாது. ஒருத்தியின் சட்டை அளவில் இன்னொருத்திக்குத் தைக்கக்கூடாது. அளவு எடுக்கும் முறையைத்தான் படிப்பித்தார், அளவை அல்ல. கையில் துணி இருந்தபோது எனக்குத் தெரிந்திருந்த அந்தப் பாடம், கையில் மரம் வந்ததும் மறந்துபோனது. தையல் பெண்களின் வேலை, மரம் வேறு உலகம் என்று எனக்குள்ளும் ஒரு சுவர் இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாயில் அந்தக் கதிரையை வைத்து மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொன்னேன். அன்று தாளை மாற்றி எழுதினோம். புதிய தாளில் அங்குலக் கணக்கு ஒன்றுமே இல்லை. வெற்றுக் கட்டங்கள்தான். பின்பக்கத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து அதில் ஓர் அங்குலம் குறை, அது ஆசன ஆழம். பின்மடிப்பிலிருந்து பாதம் வரை, அது உயரம். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் மூலைமட்டத்தில் நிற்க வேண்டும். முதல் நாள் இருபது நிமிடத்துக்கு மேல் இருத்தக்கூடாது. எடுத்த பிறகு தோலைப் பார். சிவப்பு அரை மணித்தியாலத்தில் மறையாவிட்டால் கதிரை பிழை, பிள்ளை பிழையல்ல. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்ப அள, பிள்ளை வளரும். கடைசியில் ஒரு பெரிய கட்டம்: "வீட்டில் நீங்கள் மாற்றியது என்ன?" அந்தக் கட்டம் வெறுமையாக வந்தால் நாங்களே வீட்டுக்குப் போய்க் கேட்கிறோம்.

வடமராட்சித் தாய் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். உலக்கைத் துண்டை ஆணி இல்லாமல், துளையும் ஆப்பும் வைத்து இறுக்கும் முறையை ஓடாவியார் அவருக்குக் காட்டினார். இன்று இந்த மேடையில் இருப்பது அந்தக் கதிரைதான். மகளுக்கு அது சிறிதாகிவிட்டது. புதியது அவரே செய்தார்.

ஜெய்ப்பூர்க் காலை உங்களில் பலர் அறிவீர்கள். எங்கள் மண்ணிலும் எத்தனையோ பேரை நடக்கவைத்தது. 1968 இல் அதை உருவாக்கியவர்களில் வைத்தியர் பி. கே. சேத்தியின் பெயரைப் பலரும் சொல்வார்கள். அவரோடு நின்றவர் ராம் சந்திர சர்மா. அதிகம் பள்ளிப்படிப்பு இல்லாத கைவினைஞர். வெளியே றப்பர், உள்ளே கணுக்கால் பகுதியில் ஒரு மரக்கட்டை. வெறுங்காலோடு நடக்கவும், சம்மணம் கொட்டி இருக்கவும், வயலில் இறங்கவும் கூடிய கால். அதற்கு அவர்கள் காப்புரிமை எடுத்துப் பூட்டி வைக்கவில்லை. அதனால்தான் அது நாடு நாடாகப் போனது.

மாறாகவும் எங்களிடம் நடந்திருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அப்படியொரு கப்பலைக் கட்டிய கைகளின் அறிவில் இன்று எங்களிடம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? கையோடு இருக்கும் அறிவு கையோடு போய்விடும். காட்டினால்தான், எழுதினால்தான், பிறர் திருத்த இடம் கொடுத்தால்தான் நிற்கும்.

வைத்தியர் என்ற முறையில் சில எச்சரிக்கைகளையும் சொல்லாமல் இறங்க முடியாது. செயற்கைக் கால், முள்ளந்தண்டுக்கான பட்டி போன்றவற்றை வீட்டில் செய்யக்கூடாது. அவற்றுக்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். கதிரையோ நிற்கும் சட்டமோ செய்தாலும் இயன்மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும். மரத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். வைரமரத் தூளை ஆண்டுக்கணக்காகச் சுவாசிப்பவர்களுக்கு மூக்கறையில் புற்றுநோய் வரலாம் என்பது நிறுவப்பட்டது. மூக்கை மூடுங்கள், காற்றோட்டத்தில் வேலை செய்யுங்கள். பிள்ளைகள் வாயில் வைக்கும் பொருளுக்கு ஈயம் கலந்த பெயின்ற் பூசாதீர்கள். ஏற்பு ஊசி போட்டு எத்தனை வருடம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓடாவிமாரின் பிழைப்பைக் கெடுக்கிறோமா என்றும் கேட்கிறார்கள். எங்கள் ஓடாவியாரிடம் கேட்டேன். "ஒருக்கா லாச்சி செய்து பாத்தவை பிறகு என்னோட பேரம் பேசுறேல்லை" என்றார். படிப்பிக்க வரும் நாளுக்கு அவருக்கு நாட்கூலி கொடுக்கிறோம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுக்குக் கட்டடம் கட்டுவது பற்றிப் பலரும் பேசினார்கள், நல்லது. நான் கேட்பது ஒரு அலுமாரி. அதில் ஆறு வாள், ஆறு உளி, இரண்டு சீவுளி, மூலைமட்டங்கள், ஒரு தடித்த கொப்பி. கிழமையில் ஒரு பின்னேரம் எங்கள் தங்கைமார் அதைத் திறக்கட்டும். செய்ததை வரையட்டும், அளந்த முறையை எழுதட்டும், பிழைத்ததை மறைக்காமல் எழுதட்டும். தையல் அறைக்குப் பக்கத்தில் அந்த அலுமாரி இருந்தால் மிகப் பொருத்தம். அளவு நாடா அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

அப்பாவின் தகரப்பெட்டியை அந்த அலுமாரிக்கு முதற்பொருளாகத் தருகிறேன். வெளியே போகும்போது இந்தக் கதிரையைத் தொட்டுப் பாருங்கள். குறை தெரிந்தால் தயவுசெய்து சொல்லிவிட்டுப் போங்கள். நான் மனம் நோகமாட்டேன்.